ஆக்ஸிஜன் வால்வில் ஒரு பொட்டு எண்ணெய்

ராக்கெட் செய்கிறவர்கள் எப்போதும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊருக்குள் ஒரு நினைப்பு. உண்மையில் நாள் பூராவும் கழுத்து வலிக்கக் குனிந்து வால்வையும் வாஷரையும் பார்க்கிற பிழைப்பு இது. பார்த்ததைச் சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. இன்ஸ்பெக்‌ஷன் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் உங்களில் இருந்தால், மேற்கொண்டு படியுங்கள்.

பம்பு புத்தி

பதினெட்டு வருஷம் பம்பு கம்பெனியில் இருந்துவிட்டு இங்கே வந்தேன். சின்ன ராக்கெட்தான். காலேஜ் பிள்ளைகள் செய்கிற, டிபன் கேரியர் அளவு சாட்டிலைட்டுகளைக் கொண்டுபோய் மேலே விட வேண்டும். கம்பெனியை ஆரம்பித்தவர் நந்தினி மேடம், பீளமேட்டுப் பெண், என் மகள் வயசு.

முதல் வாரமே, பம்புக்குச் செய்கிற பழக்கத்தில் ஒரு பைப் மூட்டுக்கு கிரீஸ் தடவி முடுக்கிவிட்டேன். அது திரவ ஆக்ஸிஜன் போகிற பைப். மேடம் கோபிக்கவில்லை. ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் கடுகளவு எண்ணெய்ப் பசை இருந்தாலும் போதும், நெருப்பே வேண்டாம், ஒரு அதிர்ச்சியிலேயே வெடிக்கும் என்று விளக்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணா, நம்மூர்ல எல்லாத்துக்கும் எண்ணெய் போடுவோம். இதுக்கு மட்டும் போட்டா ஆளு போயிருவாங்க."

பழனிச்சாமி அண்ணன்

எங்கள் வால்வுகளைக் கடைந்து தருகிறவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணன். வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கோயமுத்தூர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். முடித்த சாமானைத் துணியில் எண்ணெய் தொட்டு ஒரு துடை துடைத்துத்தான் கொடுப்பார்கள். இதற்கு எண்ணெயே கூடாது அண்ணா என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. வெடிக்கும் என்று சொன்னால், ஆளை விடுங்க சாமி என்று வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று பயம். அவர் அந்த வால்வைக் கையில் உருட்டிக்கொண்டே, மனசே இல்லாமல் சொன்னார்: "கொழந்தையக் குளிப்பாட்டித் தொவட்டாம குடுக்கற மாதிரி இருக்குதுங்க."

மழை நாள்

இன்ஜினைப் பரிசோதிக்க நாள் குறித்தாகிவிட்டது. முந்தின நாள் மத்தியானம் பார்த்தால் ஒரு வால்வில் திருகு மரை ஏறாமல் பிடிக்கிறது. கொட்டுகிற மழையில் கணபதிக்கு ஓடினேன். அண்ணன் மரையைத் திருத்தி, அவரே கழுவி, பையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

ஷெட்டுக்கு வந்ததும் அந்தப் பையைப் பிரித்து, ஊதா விளக்கை அடித்துப் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். பத்து நிமிஷ வேலை. வெளியே சோதனை இடத்துக்கு வண்டி கிளம்ப நிற்கிறது, பை ஒட்டினபடியே இருக்கிறது, கொடுத்தது பழனிச்சாமி அண்ணன். 'விளக்கில் பார்த்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பார்க்கவில்லை. வால்வை வாங்க வந்த எங்கள் டெக்னீஷியன் யூசுப், கோட்டைமேட்டுப் பையன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன், ஃபாரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க பாத்துட்டீங்கன்னா போதுங்கண்ணா, நான் மாட்டிப்போடறேன்."

மதுக்கரை

மதுக்கரைக்கு அந்தப் பக்கம், கல்லுக்குழிகளை ஒட்டின பொட்டலில்தான் சோதனை. இன்ஜினைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டோம். ஆனால் ஆக்ஸிஜன் நிரப்ப ஒரு வால்வைக் கையால் திறந்துதான் ஆக வேண்டும். யூசுப் முகத்துக்குக் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு போனான். திறந்தான்.

கவசம் இடது கண்ணைக் காப்பாற்றியது. வலது கண் போச்சு. இரண்டு கையும் வெந்து, நான் போய்ப் பிடித்தபோது தோல் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு, பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மணி வேலியோரம் வந்து நின்று கேட்டார்: "கல்லுக்குழியில வேட்டு வெச்சா மொதல்ல விசிலடிப்பாங்களே, நீங்க ஏனுங்க அடிக்கல?"

பட்டறையில்

உடைந்த துண்டில் எண்ணெய் கருகின தடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பழனிச்சாமி அண்ணனே, ஏதோ நமக்கு உபகாரம் செய்ததுபோல, மழை நாளாச்சே, துருப் பிடித்துவிடுமே என்று ஒரு பொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்ததைச் சொன்னார். வால்வு எவர்சில்வர், அது துருப்பிடிக்காது என்று அவருக்குத் தெரியாதா? கைப் பழக்கம் அப்படி. நான் விஷயத்தைச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, எண்ணெக் கேனைத் தூக்கி ரோட்டுல வெச்சிருப்பேனுங்களே."

மூன்றாவது மாடி

ரிப்போர்ட்டில் 'பட்டறைத் தவறு' என்று எழுதியாகிவிட்டது. என் டிக் அப்படியே இருந்தது. விளக்கை நான் போடவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை போகாது. அந்த எண்ணத்தோடுதான் யூசுப்பைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், மறைக்க என்ன இருக்கிறது.

அவன் சம்சாரம் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வால்வை நான் வெடுக்கென்று திறந்துவிட்டேனா அண்ணா, அதனால்தான் வெடித்ததா? ஆறு நாளாக அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான், பாவி.

சொல்லிவிட்டேன். எண்ணெயைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன், டிக்கைச் சொன்னேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். யூசுப் கட்டுப் போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பினான். "கேட்டியா புள்ள, என் கை தப்புப் பண்ணல."

மறுநாள் ரிப்போர்ட்டைத் திருத்தி என் பெயரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பூமியை விட்டுக் கிளம்ப வேண்டிய ராக்கெட்டுக்காக நான் இதுவரை ஏறின உயரம் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிதான்.