அண்ணன் தேடிய ஆட்டக்காரர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், போட்டாதாங் படகுத்துறை நண்பர்களுக்கும், தின்கன்ஜூன் அக்கம்பக்கத்தாருக்கும் என் வணக்கம். ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும்படி அண்ணி கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எழுது எழுது என்று காலமெல்லாம் விரட்டியவள் நான். இந்த ஒன்றை எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. ஏன் என்பது படித்தால் தெரியும்.

அண்ணன் பிறந்தது ரங்கூன் போட்டாதாங்கில், ஆற்றோரக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடு ஒன்றில். எங்கள் அப்பா இளவயதில் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தவர். பிறகு கடலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மேஸ்திரியானார். அவருக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணனுக்குப் பதின்மூன்று வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு அதே துறையில் வேலைக்குப் போனார். என்னை மட்டும் நிறுத்த விடவில்லை. சொந்தக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மதராசுக்குக் கப்பல் ஏறிய காலத்திலும், "பாப்பா பரீட்சை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியே இங்கே இருந்துவிட்டார். நான் ஆசிரியை ஆனது அவர் போட்ட பிச்சை. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அண்ணன் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பலகையில் ஒரு கோடு போடும் வேலை. தன் கண்ணுக்கு முன்னால் போகாத மூட்டைக்கு அவர் கோடு போட மாட்டார். மேலாளரே வந்து போடச் சொன்னாலும், "நான் பாக்கலைங்களே, பாக்காததுக்கு எப்படிங்க போடுறது?" என்பார். இந்தப் பிடிவாதத்தால் பதவி உயர்வும் வரவில்லை, கெட்ட பெயரும் வரவில்லை. வீட்டிலும் அப்படித்தான். மழை வருகிறது என்று சொன்னால் வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் கண்ணால் பார்க்காமல் நம்பிய ஒரே விஷயம், அப்பா சொன்ன கதை. அப்பா போன கப்பல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கொதிகலன் பழுதாகி மாதக்கணக்கில் பழுதுபார்க்கும் மேடையில் ஏறிவிட்டதாம். அந்தக் கப்பல் பட்டறைக்குச் சொந்தமாக ஒரு கால்பந்துக் கழகம் இருந்ததாம். சாப்பாட்டு வேளையில் பட்டறை ஆட்களோடு பந்து உதைத்த அப்பாவை, இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட் ஆடுகிறவன் கணுக்கால் பிசகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, இழுத்துப் போய் உள்ளே விட்டார்களாம். தரையெல்லாம் பனி. இரவல் பூட்ஸ், அதற்குள் கசக்கித் திணித்த செய்தித்தாள். ஒரே ஒரு ஆட்டம். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார். நானும் கேட்டேன், எனக்கு அதில் அக்கறை இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணன் அந்தக் கழகத்தின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தார். "யாருண்ணே இதைப் படிக்கப் போறாங்க? இந்த ஊர்ல தமிழ் படிக்கிறதே பத்துப் பேரு" என்று கேட்டேன். "பதினோரு பேரு வேணும் பாப்பா, ஒரு டீமுக்கு" என்றார். கியாக்டடா நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பிற்பாடு அண்ணன் மகள் தன் கைப்பேசியில் தேடி, அந்த அமெரிக்க ஊரில் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தாள். கரண்டு வரும் நேரம் பார்த்துக் கடிதம் போகும், பதில் வரும்.

அவர் எழுதியதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் கழகத்தின் ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஏட்டில் ஆணி அடிக்கிறவர்கள், தச்சர்கள். உண்மையில் சம்பளம் பந்து ஆடுவதற்குத்தான். ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கப்பல் கப்பலாக அழைத்து வந்தார்கள். கோப்பைகள் வென்றார்கள். பேஸ்பால் மட்டுமே பார்த்த சனங்கள் இதைப் பார்க்கவும் வேலி ஏறினார்கள். பிறகு கால்பந்துச் சங்கங்களுக்குள் சண்டை; அதன் மேல் உலகம் முழுக்க வந்த பொருளாதாரச் சரிவு. பட்டறை படுத்தது, கழகமும் படுத்தது. மைதானத்தில் கிடங்கு கட்டிவிட்டார்களாம். அந்தப் பக்கத்தை எழுதிய அன்று அண்ணன் சாப்பிடவில்லை. பார்க்காத ஊர், பார்க்காத மைதானம், அதற்காக ஒரு மனிதர் பட்டினி கிடந்தார். நான் சிரித்தேன்.

இனித்தான் என் விஷயம்.

அம்மா படுத்த படுக்கையாய் இருந்த கடைசி நாட்களில், அண்ணன் வேலைக்குப் போன ஒரு பகலில் என்னைக் கூப்பிட்டார். "உங்கப்பா கப்பலுக்குப் போனது அவரு பேர்ல உள்ள கப்பல் புத்தகத்துல இல்லடி. மாரிமுத்துன்னு ஒருத்தன், புத்தகம் எல்லாம் எடுத்து வச்சிட்டு அம்மை போட்டுக் கெடந்தான். அவன் புத்தகத்த வாங்கிக்கிட்டு இவரு ஏறிட்டாரு. கப்பல்ல அவரு பேரு மாரிமுத்துதான். பெரியவன்கிட்ட சொல்லிராத. அவன் வாயில எதுவும் நிக்காது. பேர் மாத்திப் போனவன் புள்ளைங்கன்னு தெரிஞ்சா சர்க்காரு ஆளு வந்து நம்ம கார்டைப் புடுங்கிருவான்."

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அடையாளக் கார்டுதான் உயிர். வெளிநாட்டுக்காரன் கார்டா, உள்ளூர்க் கார்டா என்று அதிகாரிகள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் வேலைக்குத் தரும் அடையாளப் புத்தகத்தில், கடலோடிகள் ஒருவர் பெயரில் இன்னொருவர் போவது துறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அதைக் காகிதத்தில் எழுதிவிட்டால் கதை வேறு. நான் அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அண்ணன் புத்தகம் எழுத ஆரம்பித்தபோது அந்தச் சத்தியம் எனக்கு நினைவு வந்தது. இவர் எழுதினால் ஊர் முழுக்கப் படித்துக் காட்டுவாரே! அவர் அப்பாவின் பெயரைத் தேடுகிறார், அந்தப் பெயர் அங்கே இருக்கவே இருக்காது என்று எனக்குத் தெரியும். தேடட்டும், பொழுது போகிறது என்று விட்டுவிட்டேன்.

இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்: "பாப்பா, அப்பாவுக்கு வேற பேரு ஏதும் உண்டா? அம்மா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னிச்சா?"

இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பெயர், கார்டுக்கு ஒரு பெயர் இல்லாதவர் யார்? கேட்டதில் தப்பே இல்லை. அப்போது அண்ணன் பேரன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். அந்தப் பழைய பயம் என் வாயைப் பிடித்துக்கொண்டது. "இல்லையேண்ணே. ஏன், இருக்கிற பேரு பத்தலையா?" என்றேன். அண்ணனும் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் கால்பந்தைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பாடா, ஒருவழியாக விட்டுவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்பா நல்லாக் கதை விடுவாரு இல்ல பாப்பா?" என்று கேட்டார். "ஆமா, நீதான் அத்தனையும் நம்பின" என்று சொல்லி அவர் போர்வையைச் சரி செய்தேன். நான்காம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த லப்பெயே கடைக்காரர், அண்ணன் தினமும் தேநீர் குடிக்கும் கடைக்காரர், இலையில் உட்காருவதற்கு முன், ஆசிரியையை இங்கே கூப்பிடும் பர்மியச் சொல்லால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஸயாமா, அந்த மாரிமுத்து வீட்டுப் புள்ளைங்க கெடச்சாங்களா? அண்ணன் நடக்க முடியாத நாள்லயும் வந்து எல்லார்கிட்டயும் கேட்டாரே."

வாழ்நாளில் அம்மா வாயிலிருந்து ஒரே ஒரு முறை கேட்ட பெயர். அண்ணன் மகளைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அத்தை" என்று சொல்லி அண்ணன் கழக வரலாறு எழுதிய நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தில் அண்ணன் கையெழுத்து:

"நூலகர் அனுப்பிய ஆட்டப் பட்டியல் கிடைத்தது. பனி பெய்த சனிக்கிழமை, லெஃப்ட் அவுட், ரங்கூன் கப்பல் ஆள், பெயர் மாரிமுத்து. அப்பா சொன்ன ஆட்டம் இதுதான். ஆடியவர் அப்பா இல்லை. தங்கையையும் கேட்டுவிட்டேன், வேறு பெயர் கிடையாது. கூட வேலை பார்த்தவர் பெருமையை அப்பா தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது. பெற்ற தகப்பன் என்பதற்காக மாற்றி எழுத முடியாது. மாரிமுத்துவின் பிள்ளைகள் இந்த ஊரில் எங்காவது இருந்தால் இதை அவர்களிடம் சேர்க்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாமலே இருக்கும், பாவம்."

அய்யோ அண்ணே! தகப்பனைப் பொய்யன் என்று எண்ணிக்கொண்டு போனீர்களே. அந்த எண்ணத்தை உங்கள் தலையில் வைத்தவள் நான் அல்லவா? போர்வையைச் சரி செய்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குச் செய்த சத்தியம் என்று இனிச் சாக்குச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்குப் பயந்தேன், கார்டுக்குப் பயந்தேன். உங்களுக்காகப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

இதை அச்சில் போடலாமா என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை, வர்றது வரட்டும்" என்றாள். அண்ணனை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ஆக்ஸிஜன் உருளைக்காக ஊரெல்லாம் அலைந்த தெருப்பிள்ளைகளுக்கும், தூக்கிச் சுமந்த துறைமுக நண்பர்களுக்கும், முகம் காணாத அந்த நூலகருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் சொல்லிவிட்டுப் போனார் என்பதற்காக, உங்களில் சிலர் இன்னும் மாரிமுத்துவின் பிள்ளைகளை விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவு செய்து நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் போன வருடம் ஒன்றும் தெரியாமலே காலமானார். இளையவள் எல்லாம் தெரிந்து உயிரோடு இருக்கிறேன்.