அன்பு ஆடிவிட்டுப் போன ஆட்டம்

இதை நம்புங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. ஒரு தடவை நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். கம்பெனி நம்பியது, போலீஸும் நம்பியது. அதனால் வந்த கேட்டைத்தான் எழுதுகிறேன். நடந்தது 2007 மே மாதம், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் ஒரு வாடகை அறையில். என் பெயர் இஜாஸ். பழவேற்காட்டுக்காரன்.

அறையில் நானும் அன்புவும் இருந்தோம். சேர்ந்து இருந்தோம் என்று சொல்ல முடியாது. அவனுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை, பகல் ஷிப்ட். எனக்கு பாட்டில் கம்பெனி, ராத்திரி ஷிப்ட். இரண்டுமே எட்டுக்கு எட்டு. அவன் எழுந்து போன படுக்கையில் நான் படுப்பேன். நான் எழுந்த படுக்கையில் அவன் படுப்பான். இந்த ஊர் எங்களுக்குக் கொடுத்தது இரண்டு பேருக்கு ஒரு தலையணை.

ஒரு பழைய கம்ப்யூட்டரை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சேர்ந்து வாங்கினோம். கூட ஒரு சிடி. அட்டையில் அந்தப் பிரபலமான துப்பாக்கிச் சண்டை கேமின் பெயர் இருந்தது. பிரவுசிங் சென்டரில் பையன்கள் காதைக் கிழிக்கிற மாதிரி சுட்டுத் தள்ளுவார்களே, அது. போட்டுப் பார்த்தால் வேறு என்னவோ. அதே பட்டாளம், அதே துப்பாக்கி... ஆனால் செஸ் மாதிரி கட்டம் கட்டமாக நகர்த்தணும். ஒருத்தன் ஆடி முடித்தால்தான் அடுத்தவனுக்குச் சான்ஸ்.

"கடைக்காரன் நல்லா நாமம் போட்டான் பாய்" என்று அன்பு தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கென்றே செய்த கேம் அது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஆடலாம். ராத்திரி வந்து அவன் தன் சான்ஸை ஆடி வைப்பான். காலையில் வந்து நான் ஆடுவேன். நாள் முழுக்க ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காவிட்டாலும் சண்டை மட்டும் நடந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு ஐந்து சிப்பாய். செத்தவன் செத்தவன்தான். ஆளுக்கொரு பாஸ்வேர்ட் உண்டு. அவனுடையது எனக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புவுக்குப் பதுங்கத் தெரியாது. சுட்டுக்கொண்டே ஏறி வருவான்.

அந்தத் திங்கட்கிழமை காலை லேட்டாகக் கிளம்பி ரோட்டில் சைக்கிளில் எதிரே வந்தான். காலை ஊன்றி நின்று சிரித்தான். "இன்னிக்கு நைட்டு உன் ஆளுங்க அஞ்சு பேரும் காலி. பாத்துக்கினே இரு" என்றான்.

அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை காலை 8.35. கம்ப்யூட்டர் எனக்காகக் காத்திருந்தது. அவன் ஆடிவிட்டிருந்தான். ஆனால் என்ன ஆட்டம் அது? அவனுடைய சிப்பாய் ஒருத்தன் தன்னந்தனியாக மறைவை விட்டு வெளியே வந்திருந்தான். மேப்பின் மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் ஓரம் போய் நின்றான். துப்பாக்கியைத் தூக்கவே இல்லை.

தூங்கி வழிந்துகொண்டு ஆடியிருக்கிறான் என்று சிரித்தேன். ஒரே குண்டு. விழுந்தான்.

எனக்கென்று அவன் மூடி வைக்கும் சோறு அன்று இல்லை. நாற்காலி ஈரமாக இருந்தது. படுக்கை சில்லென்று இருந்தது. மே மாதத்தில்.

புதன்கிழமை. இரண்டாவது சிப்பாய். அதே மூலை. அதே தொட்டி. முதலில் செத்தவன் பக்கத்தில் வந்து சும்மா நின்றான். சுட்டேன். கீபோர்டில் கறுப்பாக ஏதோ நறநறத்தது, இரும்புத் தூள் மாதிரி. குளிக்காமல் கூடவா உட்கார்ந்தான் என்று திட்டிக்கொண்டே துடைத்தேன்.

வியாழக்கிழமை மூன்றாவது ஆள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சுட்டேன். ஜெயிக்கிற ஆசை யாரை விட்டது?

அன்று மத்தியானம் 12.15. தூக்கத்தில் கதவு தட்டும் சத்தம். பூவராகவன் நின்றிருந்தார். அன்புவின் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். பின்னாலேயே எங்கள் வீட்டுக்காரர் சடையப்பன்.

"இன்னாப்பா, அன்பு வேலைக்கே வர்ல. ஊருக்கு எதனா பூட்டானா?"

"இல்லியே சார். தினம் ரூமுக்கு வர்றானே. நேத்து நைட்டு கூட கேம் ஆடி வச்சிட்டுப் போயிருக்கான்."

அவர் முகம் வெளுத்தது. என்னைத் தாண்டி அறைக்குள்ளே பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"நேத்து நைட்டா? நெசமாவா?"

"நெசமாத்தான் சார். அவன் பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வேலைக்கு மட்டம் போட்டவனுக்காக இந்த மனுஷனுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேன்.

சாயங்காலம் அன்புவின் மனைவி கிறிஸ்டினா போன் செய்தாள். கடம்பத்தூரில் அம்மா வீட்டில் இருந்தாள். ஏழு மாதம்.

"அண்ணே, அவரு போனு திங்கக்கெழமையிலேர்ந்து சுவிட்ச் ஆஃப்லயே கீது. மனசு ஒரு மாதிரி கீதுண்ணே. மில்லாண்ட போய்ப் பாக்கட்டா?"

"வயித்துப் புள்ளயோட அலையாத. அவன் நல்லாத்தான் கீறான். டெய்லி ரூமுக்கு வர்றான்."



"அப்ப என் மேலதான் கோவம் போல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான்காவது ஆள். அதே மூலை. சுட்டுவிட்டு முடிவு செய்தேன். இன்றைக்கு லீவு. ராத்திரி அறையிலேயே இருந்து சட்டையைப் பிடித்துக் கேட்டு, அவளுக்கு அங்கேயே போன் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

ராத்திரி 7.45. கதவை உள்ளே தாழ் போட்டேன். அவன் வந்தால் தட்டட்டும். திரை கறுப்பாக அவனுடைய பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் படுக்கையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

8.20. வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். அவன் வரும் நேரம்தான். அப்பாடா என்று இருந்தது.

குழாய் திறந்தது. கால் கழுவும் சத்தம். குழாய் மூடியது.

கதவு தட்டப்படும் என்று காத்திருந்தேன்.

தட்டவில்லை.

தாழ் போட்டபடியே இருந்தது.

8.27. சொட்... சொட்... என்று ஒரு சத்தம். அறைக்குள்ளே. நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. கறுப்புத் தண்ணீர்.

பிறகு...

டக்.

கீபோர்டில் ஒரு எழுத்து தானாக அமுங்கியது. திரையில் ஒரு புள்ளி விழுந்தது.

டக்... டக்...

மெதுவாக. விரல் மரத்துப்போனவன் அடிக்கிற மாதிரி.

திரை திறந்தது. கடைசி சிப்பாய் நடந்தான். மூலைக்கு.

நான்கு பிணங்களைத் தாண்டி நின்றான்.

இந்தத் தடவை திரும்பினான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

கொதிக்கும் இரும்பும் எண்ணெயும் கலந்த நாற்றம்.

"அன்பு...?"

நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ எழுந்த மாதிரி.

தாழைத் திறந்து எப்படி ஓடினேனோ தெரியாது. சடையப்பன் வீட்டு வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அன்புவைப் பிணமாக எடுத்தார்கள். சேதி கேட்டு ஓடினேன். மில்லில் ஒரு குழி உண்டு. பழுக்கக் காய்ந்த கம்பி மேல் ஓடும் தண்ணீரும் இரும்புச் செதிலும் போய் விழுகிற இடம். கிணற்று ஆழம். மூலையில் இருக்கும். ஓரத்தில் தடுப்பு கிடையாது.

அந்த மூலை, அந்தத் தண்ணீர்... எனக்கு அங்கேயே புரிந்தது. எங்கே கிடக்கிறேன் என்று காட்ட தினம் ஒரு ஆளை அனுப்பியிருக்கிறான். நான் தினம் ஒரு ஆளைச் சுட்டுக் கொன்றிருக்கிறேன். வாய்விட்டு அழுதேன்.

கம்பெனி வேறு கதை சொன்னது. திங்கட்கிழமை அவன் வேலை முடிந்து போய்விட்டானாம். அப்புறம் வேலைக்கே வராமல் அறையில் இருந்தானாம். வெள்ளி ராத்திரி குடித்துவிட்டுச் சுவர் ஏறிக் குதித்து விழுந்தானாம். வேலை நேரத்துச் சாவு இல்லை, அதனால் நஷ்டஈடும் இல்லை. சாட்சி யார்? நான். கூட இருந்து கேட்ட சடையப்பன்.

ஸ்டேஷனில் கத்தினேன். "சார், நான் அவனைக் கண்ணால பாக்கல!"

"அப்ப யாருய்யா ஆடுனது?" என்றார் எஸ்.ஐ.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. வெளியே போகச் சொன்னார். கொதிநீரில் கிடந்த உடம்பு, எந்த நாள் செத்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

கிறிஸ்டினா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "நீங்க பொய் பேசுற ஆளு இல்லண்ணே. அவரு ரூமுக்கு வந்தாரா, இல்லியா?"

"வந்தாம்மா."

அது சத்தியம். அந்தச் சத்தியத்தால்தான் அவளுக்கும் பிறந்த பெண்குழந்தைக்கும் ஒரு காசு கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம், அந்த மில்லில் கிரேன் ஓட்டின ராஜமாணிக்கம் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திங்கட்கிழமை மத்தியானம் 2.40க்கு அன்பு வழுக்கி விழுந்ததை மேலே இருந்து கண்ணால் பார்த்தவர் அவர். மில்லை நிறுத்தினால் உற்பத்தி போகும் என்று வாயை மூடச் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப பூவராகவன் எங்க ரூமுக்கு வந்தது?"

"ஊட்டு ஆளுங்க தேடுறாங்களான்னு பாக்க வந்தாரு. நீ 'நேத்து வந்தான்'ன்னு சொன்னியா... ஆடிப் பூட்டாரு மனுஷன். நேரா குழியாண்ட வந்து டார்ச் அடிச்சிப் பாத்தாரு, உள்ள கீறானா இல்லியான்னு."

"இருந்தானா?"

"இருந்தான் பாய். வலைக் கம்பியில மாட்டிக்கினு, மொகம் மேலாப்புல."

"அப்பவாவது எடுத்திருக்கலாமே?"

ராஜமாணிக்கம் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"எடுக்கலாம்னுதான் நான் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'உசுரோட கீறான்னு அந்தப் பாய் ரெண்டு பேர் எதிர்ல சொல்லிட்டான்ல, இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்'ன்னு டார்ச்சை அணைச்சிட்டாரு."