ஜெயினுலாப்தீனின் நாக்கு

தாராவியில் கரப்பான் இல்லாத வீடு கிடையாது. அதற்குத் தீனி போட்டு வளர்க்கிற வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மேலப்பாளையத்து ஜெயினுலாப்தீனின் வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதற்குள் பலகை அடித்துக் கட்டிய மாலா என்கிற பரண். ஏணி வைத்து ஏறினால் மேலே ஆறு எண்ணெய் டின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் வாயோரத்திலும் உட்புறமாக நாலு விரல் அகலத்துக்கு வாஸ்லின் களிம்பு பூசியிருக்கும். ஏறி வருகிற கரப்பான் அந்த இடத்தில் வழுக்கித் திரும்ப உள்ளேயே விழும். டின்னுக்குள் இரானி ஹோட்டலில் வாங்கிய முட்டை அட்டைகள், ஈரப் பஞ்சு, கோதுமைத் தவிடு. கீழே அவரும் மனைவி ராபியாவும் படுத்துக்கொள்வார்கள்.

சந்துக்காரர்களுக்கு அவர் கரப்பான் பாய். அவருக்குச் சந்துக்காரர்கள் வெறும் முட்டாள்கள். ஓசியில் வருகிற ஜீவனைக் காசு கொடுத்து வாங்கிய பொடியைத் தூவிக் கொல்கிறார்கள், செத்ததை வாரித் தெருவில் கொட்டுகிறார்கள், மறுநாள் அதைவிட இரண்டு மடங்கு வருகிறது என்று அழுகிறார்கள். “நம்ம வீட்டுல பாரு, ஒண்ணு தரையில நடக்குதா?” என்பார் ராபியாவிடம். அது உண்மைதான். ஊரிலேயே தரையில் கரப்பான் ஓடாத வீடு அவருடையது மட்டுமே.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததும் இளக்காரத்தின் வழியாகத்தான். முதலில் தோல் பட்டறையில் பதினோரு வருஷம் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அதில் மூக்கு செத்துப்போயிற்று. பிறகு மாட்டுங்கா பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கூடத்துப் பியூன் வேலை கிடைத்தது. மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்கு ஒருவன் சாக்கடைக் கட்டரிலிருந்து கரப்பான் பிடித்துக் கொண்டுவருவான். ஒன்றுக்குக் கால் இருக்காது, ஒன்றுக்கு மீசை இருக்காது. “இதுக்குப் பேரு கரப்பானா வே?” என்று அவனைக் கேட்ட ஜெயினுலாப்தீன், அடுத்த மாதமே மாலாவில் முதல் டின்னை வைத்தார். பேராசிரியர்கள் அவருடைய சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, ‘பெர்ஃபெக்ட் ஸ்பெசிமன்’ என்றார்கள். பட்டம் வாங்கியவர்களுக்கு நல்ல கரப்பானைப் பார்க்க ஒரு பியூன் தேவைப்பட்டதே என்று அவர்களையும் சேர்த்து இளப்பமாக நினைத்துக்கொண்டார்.

அந்தக் கல்லூரி வழியாகத்தான் ஜகந்நாதன் வந்தார். கப்பல் கம்பெனியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், செம்பூரில் பங்களா. யாரோ சிநேகிதர் கப்பலில் கொண்டுவந்து கொடுத்த நாலு புள்ளிப் பல்லிகள் அவரிடம் இருந்தன. சுவரில் ஓடுகிற ஓசிப் பல்லி அல்ல. ஒரு சாண் நீளம், தடித்த வால், கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கு மேல் மின்விசிறி. நாலுக்கும் பேர் வைத்திருந்தார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது என்றும் சொல்வார். ஜெயினுலாப்தீன் முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொள்வார். பல்லிகளுக்கு இரையாக வியாழன்தோறும் ஒரு டப்பாவில் நூறு உருப்படி, ஐந்து வருஷமாக. பொடி படாத, கட்டர் காணாத, சுத்தமான உருப்படி. அந்த ‘சுத்தம்’ என்ற சொல்லுக்காகத்தான் ஜகந்நாதன் அவரை வாசலில் நிற்க வைக்காமல் ஹாலுக்குள் கூப்பிட்டார்.

அந்தச் சுத்தத்துக்கு ஜெயினுலாப்தீனிடம் இருந்த ஒரே கருவி நாக்கு. மூக்குதான் இல்லையே. புதுத் தவிட்டு மூட்டை வந்தால் வாயைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். துப்புவார். பிறகுதான் டின்னுக்குள் போகும். இதுவரை இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சந்திலேயே அவர் அதிகம் இளக்காரமாகப் பார்த்தது மளிகைக்கடை வெயிலுமுத்துவைத்தான். சந்து முழுக்க அவரை அண்ணாச்சி என்றது. ஜெயினுலாப்தீன் மட்டும் ‘வெயிலு’ என்பார். பிஸ்கட் டப்பாமேல் கரப்பான் நடந்தால் விரலால் சுண்டிவிட்டு, அதே விரலால் வெல்லத்தை உடைத்துப் பொட்டலம் கட்டுகிறவனுக்கு அண்ணாச்சி ஒரு கேடா? வெயிலுமுத்துவும் சும்மா விடுவதில்லை. பாய் கடையைத் தாண்டினால் போதும்.

“என்ன பாய், மாடியில மாப்பிள்ளைமாருக எல்லாம் சௌக்கியமா? கறிச்சோறு ஆச்சா?”

எண்பத்தாறில் ரம்ஜான் மே மாதம், கல்லூரியின் கோடை விடுமுறையில் வந்தது. தகரக் கூரை அடுப்புமேல் வைத்த தோசைக்கல் மாதிரி கிடந்தது. வழக்கமாகத் தவிடு தரும் மாவு மில்லுக்காரர் ஊருக்குப் போய்விட்டதால், இரண்டு நாளாக டின்களில் தீனி இல்லை. பசித்தால் பெரிய கரப்பான் சின்னதைத் தின்னும். குர்லாவில் முன்பின் தெரியாத ஒரு தீவன டிப்போவில் சொல்லி, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கைவண்டியில் ஒரு தவிட்டு மூட்டை வந்து இறங்கியது. செம்பூருக்கு டப்பா போகவேண்டிய நாளும் அதுவே.

ஜெயினுலாப்தீன் வாசலில் வைத்து மூட்டையைப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். விரல் உதட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நோன்பு.

“நாக்குல வச்சுத் துப்பினா ஒண்ணும் ஆகாதுங்க. சமையக்காரங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு,” என்றாள் ராபியா.

“நான் கரப்பானுக்குச் சமையக்காரனா? போடி.”

“அப்ப பொழுது சாயட்டும். நோன்பு தொறந்துட்டுப் பாருங்க.”

“அதுவரைக்கும் ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு இருக்கும். செம்பூருக்கு நீ போவியா?”

எதிர்க்கடையிலிருந்து வெயிலுமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தே விட்டார்.

“என்ன வே யோசனை? எனக்கு நோன்பு இல்லலா. கொண்டாரும், நான் பாத்துச் சொல்லுதேன்.”

“பீடி நாக்கு. உனக்குத் தவிடும் தெரியாது, தங்கமும் தெரியாது. போய் வெல்லத்தைச் சுத்தம் பண்ணு, வெயிலு.”

“மாப்பிள்ளைமாருக்கு வயித்தால போச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது, ஆமா.” வெயிலுமுத்து சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தவிடு பார்க்க நல்ல நிறமாக இருந்தது. போதும் என்று நினைத்து ஆறு டின்னிலும் போட்டார். பட்டினி கிடந்த கூட்டம் மேலே வந்து மொய்த்தது. ஒரு மணி நேரம் கழித்து நூறைப் பிடித்து டப்பாவில் அடைத்து, பஸ் ஏறிச் செம்பூரில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, கஞ்சியில் இரண்டு மடக்கு குடித்திருப்பார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். மேலிருந்து எப்போதும் காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறார். இன்று அது இல்லை.

ஏணியில் ஏறி டார்ச் அடித்தார். முதல் டின்னில் எல்லாம் மல்லாந்து கிடந்தன. சிலவற்றுக்குக் கால் மட்டும் துடித்தது. இரண்டாவது அப்படியே. ஆறாவதும் அப்படியே. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். சுருக்கென்று கசப்பு, நாக்கு மரத்தது. வண்டு விழாமலிருக்க எந்த மடையனோ மூட்டைக்குள் பூச்சிப்பொடி கலந்திருக்கிறான். சந்தேகமே இல்லை. நாக்கு சரியாகத்தான் சொன்னது, எட்டு மணி நேரம் கழித்து.

“செம்பூர் டப்பா!” என்றாள் கீழிருந்து ராபியா.

இருட்டினால்தான் அந்தப் பல்லிகள் இரை எடுக்கும். இருட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் நாலும் தின்று முடித்திருக்கும். சந்தில் போன் இருந்தது ஒரே இடத்தில். வெயிலுமுத்துவின் கல்லாவுக்குப் பக்கத்தில், காசு போடுகிற சிவப்புப் போன்.

நோன்பு திறந்த நேரம், கடையில் ஐஸ் வாங்க ஒரு கும்பல் நின்றது. ஜெயினுலாப்தீன் கையிலிருந்தது ஐந்து ரூபாய்த் தாள்.

“ஒரு ரூபாய்க் காசு இருக்கா?”

“யாரைக் கேக்கீரு?” என்றார் வெயிலுமுத்து, தலையைத் திருப்பாமல்.

ஜெயினுலாப்தீன் எச்சிலை விழுங்கினார். கசப்பு இன்னும் போகவில்லை.

“அண்ணாச்சி. காசு குடுங்க.”

காசு விழுந்தது. லைனில் இரைச்சல். கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

“ஸார், ஜெயினுலாப்தீன் பேசுறேன்! டப்பாவைத் தொறக்காதீங்க! பொடி ஸார், பொடி! மருந்துப் பொடி! என் தவிட்டுல!”

கும்பல் ஐஸை மறந்து அவர் பக்கம் திரும்பியது.

“இப்பத்தானே பாய் உள்ள விட்டேன். இன்னிக்கு என்னவோ மந்தமா இருக்கு,” என்றது ஜகந்நாதனின் குரல். “லைட்டை அணைக்கப் போறேன்.”

“அணைக்காதீங்க! எல்லாத்தையும் எடுத்துடுங்க. எண்ணி எடுங்க, நூறு இருக்கணும்!”

ரிசீவர் மேசைமேல் வைக்கப்படுகிற சத்தம். வெயிலுமுத்து கேட்காமலே இன்னொரு காசைப் போட்டார். பிறகு இன்னொன்று. கும்பலில் யாரும் நகரவில்லை. கடைசியில் குரல் வந்தது.

“நூறு. ஒரு காலைக்கூட விடலை. என்ன பாய், உம்ம சரக்குன்னா கண்ணை மூடிண்டு போடலாம்னு நெனச்சேனே. இனிமே இதுகளுக்கு என்ன போடறது?”

“பத்து நாள் ஒண்ணும் வேணாம் ஸார். வாலுல கொழுப்பு இருக்கு, கிடக்கும். நாங்க முப்பது நாள் கிடக்கலியா?”

கடை முழுக்கச் சிரித்தது. அவர் ரிசீவரை வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அன்றைக்குக் கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் காலை செத்ததை வாரிக் கொட்டும்போது சந்தே வாசலில் வந்து நின்றது. முட்டைக்கூடுகளை மட்டும் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தனியே வைத்தார். அவை பொரிந்து, வளர்ந்து, உருப்படி ஆக ஒரு வருஷம் ஓடும். அதுவரைக்கும் பொடி படாத கரப்பானுக்கு எங்கே போவது? சந்தில் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் ஏறி இறங்கினார். எல்லாரும் பொடி தூவுகிறவர்கள். ஒரே ஒரு இடத்தில்தான் தூவுவதில்லை. தின்கிற சாமான் விற்கிற கடையில் விஷம் தூவ முடியுமா?

“வாரும் வே,” என்றார் வெயிலுமுத்து. “வெல்ல மூட்டைக்குப் பின்னால பாரும். நானே ரொம்ப நாளா வளக்குதேன், உமக்குத்தான் தெரியல. எத்தனை வேணும்?”

ஜெயினுலாப்தீன் டார்ச்சோடு மூட்டைக்குப் பின்னால் குனிந்தார். எண்ணெய்ப் பளபளப்போடு, முழு மீசையோடு, ஒன்றாந்தர உருப்படிகள். வெல்லம் தின்று வளர்ந்தவை. வாய்வரைக்கும் வந்த ‘நல்லாயிருக்கு’ என்ற சொல்லை அடக்கிக்கொண்டு, பிடித்துப் பாட்டிலில் போட்டார்.

சனிக்கிழமை மாட்டுங்கா மில்லிலிருந்து புது மூட்டை வந்தது. அதைக் கடை வாசலுக்கே தூக்கிவந்து வைத்தார். வெயிலுமுத்து அவசரப்படவில்லை. பீடியை அணைத்தார். வாய் கொப்பளித்தார். கிராக்கி மூன்று பேரைக் காக்க வைத்துவிட்டு, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பாயைப் போலவே, பாயைவிட அதிக நேரம்.

“எப்படி?”

“பொறும் வே. நாக்கு சொல்ல வேண்டாமா?”

கண்ணைத் திறந்து துப்பினார். “இனிப்பா இருக்கு. கொண்டு போடும்.”

தவிடு எங்கேயாவது இனிக்குமா என்று நினைத்தார் ஜெயினுலாப்தீன். நோன்பு முடிந்து பெருநாள் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “சரி அண்ணாச்சி,” என்றார்.