அடைக்கு வைத்த மூன்று முட்டைகள்

எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி என் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆள் உயரத்துக்கு எம்பி அடிக்கும் மாமாவின் சண்டைச் சேவல், அதன் காலுக்கிடையே புகுந்து ஓடும் குள்ளக்கோழி என்று, கேட்கிறவர்கள் சிரிக்கும்படிதான் சொல்வேன். சிரிப்பு அடங்கியதும் நிறுத்திவிடுவேன். நிறுத்திய இடத்துக்கு அப்பால் இருப்பதை இப்போது எழுதுகிறேன்.

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வயல் ஆட்கள் சங்கம் வைத்திருந்தார்கள். குடிசை போட்டிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வரப்போவதாகவும் பேச்சு. எங்கள் வீட்டில் அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். வரப்பில் இரண்டு பேர் நின்று பேசினால் அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். மதகுப் பலகை ஒருநாள் நழுவியதற்கு ஒரு வாரம் ஆள் தேடினார். அம்மா பாலைச் சந்தேகப்பட்டாள். எங்களோடு இருந்த மாமா, தன் சேவல் சண்டையில் தோற்று வந்த அன்று, அதன் தீனியில் யாரோ எதையோ கலந்துவிட்டதாக அடித்துச் சொன்னார்.

கோழிகள்கூட முதலில் அப்படித்தான் இருந்தன. அம்மாவின் நாட்டுக்கோழிகள் பத்துப் பன்னிரண்டு. மாமாவின் சேவல். கூத்தாநல்லூர்க் கடைக்கார பாய் ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்த குள்ளக்கோழி ஜோடி. புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இவற்றுக்கு நடுவே அரசாங்கப் பண்ணையிலிருந்து அப்பா வாங்கி வந்த ஆறு வெள்ளை லெகான் பெட்டைகள். வந்த அன்றே அவற்றை நாட்டுக்கோழிகள் ரத்தம் வரக் கொத்தின. நாட்டுக்கோழிகளைச் சேவல் விரட்டியது. குள்ளக்கோழிகளை எல்லாமே விரட்டின.

இவற்றை ஒரு கூட்டமாக்கியவள் காத்தாயி. எங்கள் தென்னந்தோப்பின் கோடியில் அவளும் புருஷனும் குடிசை போட்டிருந்தார்கள். அவன் வயலுக்கு, அவள் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு. என்னைவிட முப்பது வயது மூத்தவளை நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவள் என்னைச் சின்னய்யா என்றாள்.

வெள்ளைக் கோழிகளை அவள் மூன்று நாள் மூங்கில் கூடைக்குள் கவிழ்த்து, மற்றவை பார்க்கும்படி கொல்லை நடுவிலேயே வைத்தாள். பெரிய கோழிகளுக்கு ஒரு மூலையில் நெல். எதிர் மூலையில், குள்ளக்கோழி மட்டும் குனிந்து நுழையும்படி கீற்றுத் தட்டியைத் தூக்கிக் கட்டி, அதற்குள் நொய். ஒரு கீரைக் கட்டைக் கயிற்றில் தொங்கவிட்டாள். ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருந்தவை அதை எட்டிக் கொத்தத் தொடங்கின. பத்து நாளில் எல்லாம் ஒரே மர நிழலில் மண்ணைக் கிளறிக்கொண்டு கிடந்தன.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஊருக்குள்ள சண்டைய மூட்டி விடுறது ஒங்க ஆளுங்க. கோழிய மட்டும் எப்புடி ஒத்துமையா வச்சிருக்க?”

“திங்கிற எடமும் ஒண்டுற எடமும் அதுஅதுக்கு இருந்துட்டா, அதுவ ஏங்கய்யா சண்டை போடப்போவுது” என்றாள் காத்தாயி, சாணி அள்ளியபடியே. அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

வெள்ளைக் கோழிகள் முட்டையிடுவதோடு சரி. அடைக்கு உட்காராது. அந்த முட்டைகளை யாரும் தொடக்கூடாது. உமியில் புதைத்து ஒரு அதிகாரியின் வீட்டுக்கு அனுப்புவார் அப்பா. எனக்கோ வேறு ஆசை. வெள்ளைப் பெட்டைக்கும் மாமாவின் சேவலுக்கும் குஞ்சு பிறந்தால் அது எவ்வளவு பெரிய வெள்ளைச் சேவலாக நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். மாமாவிடம் கேட்டேன். “எஞ் சேவல் என்னடா, பண்ணைக் கோழிக்கு வீட்டோட மாப்பிள்ளையா? போடா” என்றார். அப்பாவிடம் கேட்கத் துணிச்சல் இல்லை.

காத்தாயியின் நாட்டுக்கோழி ஒன்று அடையில் உட்கார்ந்தது. நான் நாளுக்கொன்றாக மூன்று வெள்ளை முட்டைகளை எடுத்து ஒளித்து, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குடிசைக்குப் போனேன்.

“ஐயாவுக்குத் தெரியுமா சின்னய்யா?”

“அப்பாதான் குடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். கரிக்கட்டையால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டாள். இது நான் சொன்ன முதல் பொய்.

இரண்டு பொரித்தன. மறுநாள் கொட்டகையில், “ரெண்டு வந்திருக்கு சின்னய்யா. ஐயாகிட்ட சொல்லிடுங்க” என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன் சாயங்காலம்.

அந்த நாட்களில் அப்பா தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். காத்தாயியின் குடிசையை வெளியிலிருந்தே பார்ப்பார். காலடியால் அளப்பதுபோல் நடப்பார். இரண்டு மாதம் போயிருக்கும். காத்தாயி வாசலில், பழுப்புக் கோழிகளுக்கு நடுவே, கரும்புள்ளி விழுந்த இரண்டு வெள்ளைக் குஞ்சுகள் மஞ்சள் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததைக் கண்டு நின்றார். மாமாவை அழைத்தார். களத்திலிருந்த நான்கைந்து பேரையும் அழைத்தார். அப்பாவின் பின்னால் நானும் போனேன்.

“இது ஏது?”

“ஐயா குடுத்ததுங்க.”

“நானா?”

“சின்னய்யாகிட்ட குடுத்தனுப்புனீங்களே. மூணு முட்டை. ஒண்ணு கூமுட்டையாப் போச்சு.”

அப்பா திரும்பி என் தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை. “நீ குடுத்தியாடா?” என்றார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பயத்தில் உண்மை வந்திருக்கும். வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார். எந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும் என்பது அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இல்லப்பா.”

காத்தாயி என்னைத் திட்டவில்லை. “சின்னப்புள்ள, மறந்திருப்பாங்க. நெனைச்சுப் பாத்துச் சொல்லுங்க சின்னய்யா” என்றாள். அவள் திறந்துவிட்ட அந்த வழியிலும் நான் போகவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்பா அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை.

“திருடுன கை என் தோப்புல இருக்கக்கூடாது” என்றார்.

“சங்கத்துல சொல்லிப் பாத்துக்கிறோம்” என்றான் அவள் புருஷன்.

“என்னன்னு சொல்லுவ? முட்டை திருடுனோம், கேக்க வாங்கன்னா?” என்றார் மாமா. கூடி நின்றவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் சங்கத்துக்காரர்தான். சங்கத்திலிருந்து யாரும் கேட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர்கள் சீர்காழிப் பக்கம் அவள் பிறந்த ஊருக்குப் புறப்பட்டார்கள். போகும்முன் காத்தாயி எங்கள் கொல்லைக்கு வந்தாள். அப்பா கட்டளைப்படி அந்த இரண்டு குஞ்சுகளையும் கூடையில் கொண்டுவந்திருந்தாள். என்னிடம்தான் பேசினாள். “மூணு நாளு கூடைக்குள்ளயே வச்சிருந்துட்டு அப்புறம் கூட்டத்துல விடுங்க. எடுத்தவொடனே விட்டா மத்தது கொத்திக் கொன்னுடும்.”

குடிசையை அன்றே பிரித்தார்கள். அந்த இடத்தில் அப்பா வாழை வைத்தார். சில மாதம் கழித்துச் சட்டம் வந்தது. ஊரில் பலருக்கு அவரவர் மனைக்குக் காகிதம் கிடைத்தது. காத்தாயிக்குக் காட்ட ஒரு கூரையும் இல்லை. பிற்காலத்தில் நான் சீர்காழியில் இரண்டு வருடம் ஆசிரியராக இருந்தேன். விசாரித்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

அவள் போன அன்று சாயங்காலம் அப்பா அந்தக் கூடையைத் தன் கையாலேயே எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

“ஒன்னோட கோழிதானே. நீயே பாத்துக்க” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வரப்பில் இரண்டு பேர் பேசினால் சைக்கிளை விட்டு இறங்குகிற அப்பா, என்னை மட்டும் சந்தேகப்படவில்லை என்று பெருமையாக இருந்தது. காத்தாயி சொன்னபடியே மூன்று நாள் அந்தக் கூடையின் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குஞ்சுகள் என்னுடையவை என்று அப்பாவுக்கு யார் சொன்னது என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.