கோடு விழுந்த கண்ணாடி

காகிதக் கட்டின் ஓரத்தை இடது கட்டைவிரலால் ஒருமுறை சர்ரென்று விடுகிறார். "நூத்தி எழுபத்தாறு." நான் சந்தேகப் பிராணி, வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் எண்ணிக்கையில் தப்புப் பிடிக்க முடியவில்லை.

தெருவுக்கே அவர் ஜெராக்ஸ் அக்கா. என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான், ஆனாலும் எனக்கும் அக்கா. கடைக்குள் ஓர் ஆள் திரும்ப வேண்டுமானால் இன்னோர் ஆள் வெளியே வர வேண்டும். இயந்திரத்தின் கண்ணாடியில் ஒரு கீறல். அதனால் எந்த நகல் எடுத்தாலும் இடது ஓரமாக மயிரிழைக் கோடு ஒன்று விழும். என் கட்டுரைகள் எல்லாம் அந்தக் கோட்டோடுதான் பத்திரிகைக்குப் போகின்றன. முணுமுணுத்தால், "எழுத்து மேல விழலையே சார், அப்புறம் என்ன?" என்பார்.

இடது கைக்கு மாறியது இரண்டு வருடமாகத்தான். கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது, பார்க்காமல் பின்னால் எடுத்த சரக்கு வண்டி வலது கையை நசுக்கிவிட்டது. மூன்று விரல்கள் மடங்காது. வழக்கு இழுத்தடித்து, கடைசியில் சமரசமாக ஒரு தொகை வந்தது. விரல்களுக்கான அறுவை சிகிச்சைக்கு அது போதும் என்று நம்பியிருந்தார். வக்கீல் தன் ஃபீஸும் செலவும் கழித்து அனுப்பிய தாளைப் பார்த்தால், ஆஸ்பத்திரி முன்பணத்துக்கே துண்டு விழுந்தது.

"விடுக்கா, வக்கீல்கிட்டயே போய் வாதாட முடியுமா?" என்றாள் அவர் தங்கை. அக்கா விடவில்லை. ஆனால் ஃபீஸைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மூணுல ஒரு பங்குன்னு நான்தான் ஒத்துக்கிட்டேன். பேசினது பேசினதுதான். இந்த நகல் செலவுதான் இடிக்குது."

இரண்டாயிரத்து நானூறு பக்கம், பக்கத்துக்கு அக்கா வாங்குவதைப்போல ஆறு மடங்கு விலை.

"கூட வாங்க சார். பேச வேணாம், நின்னா போதும்." சும்மா நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. போனேன்.

வக்கீல் மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார். "அறுநூறு பக்கம்மா, நாலு செட். கோர்ட்டுக்கு, எதிர்த்தரப்புக்கு, இன்ஷூரன்ஸுக்கு, எனக்கு. எல்லாம் வெளியில காசு குடுத்து எடுத்தது."

"உங்க செட்டைக் கொஞ்சம் காட்டுங்கய்யா."

குமாஸ்தா கட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் முகம் அப்போதே சரியில்லை. அக்காவின் கட்டைவிரல் ஓடி நின்றது. "அறுநூறு, சரிதான்." பிறகு முதல் தாளை எடுத்து வக்கீல் முன்னால் வைத்து, இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அடுத்த தாள், அதற்கடுத்த தாள், நடுவிலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் மயிரிழைக் கோடு.

"இது என் மெஷின் கோடுங்கய்யா. நாலு செட்டும் நான்தான் எடுத்தேன், கட்டுப் போட்ட கையோட. என் கேசுதானேன்னு இந்தக் குமாஸ்தா அண்ணன்கிட்ட காசே வாங்கல."

வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா மின்விசிறியைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். "பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்புதான்மா" என்று வக்கீல் கணக்குத் தாளில் நகல் செலவு வரியை அடித்தார்.

நானாக இருந்தால் அந்த நிமிடமே தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அக்கா உட்கார்ந்தே இருந்தார். "ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க ரெண்டு தடவை வண்டி வச்சு வந்தீங்களே, அது இதுல இல்லையே? அதையும் எழுதிக்குங்க." அவரை அக்கா என்று கூப்பிடுவது சரிதான் என்று அன்றைக்குத்தான் பட்டது.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் கடையில் இருந்தேன். அதே குமாஸ்தா, வேறு யாருடைய வழக்குக் கட்டோடோ வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "வாங்கண்ணே" என்றார் அக்கா, எப்போதும்போல. நகல்களை எடுத்து, காசை வாங்கி, இடது கையால் நிதானமாக ரசீது எழுதினார்: இத்தனை பக்கம், இத்தனை செட், இவ்வளவு காசு. பிறகு அதைக் கண்ணாடிமேல் கவிழ்த்து ஒரு நகல் எடுத்தார்.

"இது உங்களுக்கு. இது கட்சிக்காரருக்கு."

கோடு விழுந்த அந்த ரசீதைக் கட்டின் முதல் தாளாக வைத்து, நூலைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினார்.