இடுக்கியால் உடுத்திய பொணம்

கமாலுதீன் கடையில் டீ குடிப்பவர்களே, இது சத்தியமாக நடந்தது. பொணத்தின் உயரத்தில் ஓரடியும், பயந்தவர்களின் எண்ணிக்கையில் ஒரு பூஜ்யமும் மட்டும் நான் கூட்டியது.

சுரக்குடி உத்திராபதிக்குப் பள்ளிக்கூடத்துச் சோதனைக்கூடத்தில் எடுபிடி வேலை. தற்காலிகம்தான், பதினாறு வருஷமாகத் தற்காலிகம். அங்கே சுகிர்தா மிஸ் பிள்ளைகளுக்குத் தடயவியல் சொல்லிக்கொடுக்க ஒரு மன்றம் நடத்தினார். விரல் ரேகை எடுக்கிறோம் என்று பிள்ளைகள் தூவிய பவுடரில் காரைக்காலே வெளுத்துவிட்டது. மன்றத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார்; பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுவார். மன்றத்தோடு உத்திராபதி வேலையும் போகும்.

"அண்ணே, வைக்கோல்ல ஒரு பொணம் கட்டி, பழைய வேட்டி சட்ட போட்டு வைங்க. பிள்ளைங்க துப்பு துலக்கட்டும்" என்றார் மிஸ்.

வீட்டில் துணி கேட்டால் பெண்டாட்டி கண்ணாலேயே எரிப்பாள். திருநள்ளாற்றுக் குளக்கரையிலோ, சனி தொலைய நல்லெண்ணெய் தேய்த்து முழுகியவர்கள் அவிழ்த்துப் போட்ட துணி மலையாகக் கிடக்கும். உத்திராபதி அங்கே போனான். ஆனால் தொட்டால் அவர்கள் விட்ட சனி தன்னைப் பிடிக்குமென்று பயம். சோதனைக்கூடத்து இடுக்கியால் கவ்வி எடுத்து, இடுக்கியாலேயே பொணத்துக்கு மாட்டினான். பொத்தானுக்கு ஒரு மணி நேரம்.

மறுநாள் அதிகாரி முன்னால் மன்றத்துப் பிள்ளை நித்யஸ்ரீ குனிந்து பொணத்தை மோந்தாள்.

"மிஸ்! நல்லெண்ணெ வாட! இது நள்ளாத்துக் கொளத்துத் துணி!"

நானூறு பிள்ளைகளும் சுவரோடு ஒட்டினார்கள். அதிகாரி அவர்களுக்கு முன்பே ஒட்டியிருந்தார். வேலை போச்சு என்று உத்திராபதி இடுக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நகருங்கடி, எங்க வூட்டுக்கெல்லாம் சனி வராது" என்று நம்ம கமாலுதீன் வீட்டு சஜிதா லென்ஸோடு வந்தாள். அரை மணி நேரம் பொணத்தைப் புரட்டினாள்.

"மிஸ், ஒரு விரல் ரேககூட இல்ல. பொத்தான் பூரா பல்லுப்பல்லா கீறல். செஞ்சவன் தொடவே பயந்தவன். கையில இடுக்கி வெச்சிருப்பான்."

எல்லாத் தலையும் திரும்பியது. உத்திராபதி கையில் இடுக்கி.

"யம்மா, நான் கொல்லலம்மா! சட்டதான் மாட்டி வுட்டேன்!"

அதிகாரி சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இத மூடுறதாவது! நடத்துங்க, மிஸ்!"

வேலை தப்பிய சந்தோஷத்தில் உத்திராபதி வெறுங்கையால் பொணத்தைக் கட்டிக்கொண்டான்; அதே கையால் அதிகாரிக்கும் கைகொடுத்தான்.

"அப்ப சனி உத்திராபதியப் புடிச்சிருக்கும்" என்றார் பெஞ்சில் கதை கேட்டுக்கொண்டிருந்த அம்பலவாணன்.

"யோவ், கை குடுத்தான்ல? அதிகாரிக்குப் போயிட்டுய்யா!" என்றான் பக்கத்தில் டீ குடித்த கருப்பையன்.

"மொதல்ல தொட்டது சஜிதா புள்ளதானே?" என்றார் அம்பலவாணன் விடாமல்.

"எங்க புள்ளைய ஏன்யா இழுக்குற?" என்று கமாலுதீன் கரண்டியோடு கடையை விட்டு இறங்கினார். பெஞ்சு கவிழ்ந்தது.