உதயகலாவின் பதினோராவது விதி

பாடசாலையிலிருந்து எந்த அறிவித்தல் வந்தாலும் உதயகலா அதைக் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பார். முதலில் கையொப்பம், பிறகு திகதி, பிறகு கடைசி விதி. "மேலை எல்லாம் 'அன்பான பெற்றோரே' எண்டு சோக்காத்தான் இருக்கும். முள்ளு அடியிலைதான்" என்பார். வாசிக்கும்போது சுட்டுவிரல் தாளைத் தொடாமல் சற்று மேலாகவே நகரும். விடியற்காலை மயிலிட்டித் துறைமுகத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றிய கை அது. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் தாளில் மணம் ஏறிவிடும் என்று அவருக்கு ஒரு கூச்சம்.

படிவங்களோடு பழக்கம் சின்ன வயதிலேயே வந்தது. போரால் குடும்பம் ஊரை விட்டு அகதி முகாமில் இருந்த ஆண்டுகளில், அந்த வரிசைக் கொட்டில்களுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது பத்து வயது உதயகலாதான். அதனால் அரசாங்கத் தாளைக் கண்டால் அவருக்குப் பயமும் இல்லை, ஆத்திரமும் இல்லை. "எழுதினவைக்கு ஒரு காரணம் இருக்கும். அது என்னெண்டு கேக்கிறதிலை என்ன பிழை?"

கொரோனாக் காலத்தில் பாடசாலை பத்து விதிகளை அனுப்பியது. பத்தும் அவருக்கு மனப்பாடம். கணவர் ஜெயதீபன் மீன்பிடித்துக் கடலால் வந்தால் கிணற்றடியில் குளித்து, சாரம் மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வரலாம்.

"என்ரை வீட்டுக்குப் போக எனக்கே விசா" என்று அவர் முணுமுணுப்பார்.

"ஓம், முத்திரை குத்திறன். தலையைக் காட்டுங்கோ" என்று உதயகலா வாளியோடு நிற்பார்.

பக்கத்து வீட்டில் என் தாயார் இறந்துபோனது அந்த நாட்களில்தான். செத்த வீட்டுக்கு ஒருவரும் வரக்கூடாது என்பது விதி. உதயகலா விதியை மீறவில்லை. எங்கள் வாசல் படலைக்கு வெளியே, வெயிலில், மூன்று மணி நேரம் நின்றார்.

பாடசாலையின் பத்து விதிகளும் போதாதென்று அவர் சொந்தமாகவும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். நொச்சி, தேசியிலை, மஞ்சள் போட்டுக் கொதித்த பானையின் மேல் மகள் நிவேதனாவைக் குனிய வைத்து, துவாயால் மூடி, தினமும் ஆவி பிடிக்க வைப்பார். "இன்னும் அம்பது எண்ணு பிள்ளை." பிறகு சீருடை, தகப்பனின் மோட்டார் சைக்கிள், மூன்றே நிமிடத்தில் பாடசாலை வாசல்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, அந்த வாசலுக்கு நெற்றியில் பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி வந்தது. முதல் நாளே நிவேதனாவின் நெற்றியில் அது நூற்றொன்று காட்டியது. பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்து மணிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செந்தூரன் வந்து இறங்கினார். ஒரு கையில் பசைப் போத்தல், மறுகையில் படலையில் ஒட்டும் தனிமைப்படுத்தல் தாள். ஒட்டினால் பதினான்கு நாள் வீட்டை விட்டு ஒருவரும் வெளியேற முடியாது. பரீட்சை போய்விடும். உள்ளே பிள்ளை அழுவது வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்டது.

"ஒட்டுங்கோ தம்பி. ஒட்ட முதல் பிள்ளையை ஒருக்கால் பாருங்கோ" என்றார் உதயகலா.

செந்தூரன் தன் கருவியால் பார்த்தார். தொண்ணூற்றேழு.

"இப்ப இல்லை அக்கா. ஆனா காலமை இருந்ததுதானே. நான் என்ன செய்ய?"

"காலமை இருந்து இப்ப இல்லாதது என்ன?" என்று உதயகலா தன்னையே கேட்டார். அடுத்த கணம் கையை வாயில் வைத்தார். "ஐயோ, என்ரை ஆவிப்பானை!"

முற்றத்தில் அடுப்பு மூண்டது. முதலில் தானே துவாயால் மூடிக்கொண்டு ஆவி பிடித்தார். வெளியே வந்த நெற்றியில் கருவி நூற்றொன்று காட்டியது.

"பாத்தியளோ?"

செந்தூரன் ஓரடி பின்வாங்கினார். "அப்ப உங்களுக்கும் காய்ச்சல். ரெண்டு பேருக்குமாத்தான் ஒட்டோணும்."

"சரி. உங்களுக்குக் காய்ச்சல் இல்லைத்தானே?"

"எனக்கோ? இல்லை."

"அப்ப இருங்கோ."

செந்தூரன் ஜெயதீபனைப் பார்த்தார். ஜெயதீபன் கையை விரித்தார். "இருங்கோ தம்பி. உவள் விடமாட்டாள். எனக்கு ஒவ்வொரு நாளும் உதுதான் நடக்குது."

உதயகலா பழைய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கொதிக்க வைத்தார். துவாயும் வேறு, ஒருவர் பாவித்ததை மற்றவர் பாவிக்கக்கூடாது என்பது ஏழாவது விதி. அதிகாரி முகக்கவசத்தைக் கழற்றி, துவாய்க்குள் புகுந்தார். "அம்பது எண்ணுங்கோ" என்றார் உதயகலா. உள்ளிருந்து இருமலோடு எண்ணிக்கை கேட்டது. சிவந்த முகத்தோடு அவர் நிமிர்ந்தபோது கருவியை உதயகலாவே வாங்கி நெற்றிக்கு நேரே பிடித்தார். நூற்றொன்று தாண்டி நின்றது.

"தம்பி, அந்தப் பசைப் போத்தலைத் தாங்கோ. உங்கடை வீட்டுப் படலை எந்தப் பக்கம்?"

செந்தூரன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் முக்காலியில் இருந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து உதயகலாவையும் தன்னையும் திரும்பப் பார்த்தார். இரண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அங்கே நின்றே அதிபர் கனகாம்பிகை ரீச்சருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னார்.

மறுநாள் பாடசாலை அறிவித்தலில் பத்தாவது விதிக்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது: 'ஆவி பிடித்த பிள்ளைகளைக் கால் மணி நேரம் கழித்தே பாடசாலைக்கு அனுப்பவும்.' உதயகலா இன்றைக்கும் அதை "என்ரை விதி" என்றுதான் சொல்வார். டெங்குக்கு அறிவித்தல் வந்தாலும், பூச்சி மருந்துக்கு வந்தாலும், பக்கத்து வீட்டுத் தாய்மார் அவரிடம்தான் கொண்டுவருகிறார்கள். நானும்கூட, தாயாரின் இறப்புப் பதிவுத் தாள்களை அவரிடம்தான் கொண்டுபோனேன்.

பரீட்சை நாள் காலை பெற்றோர் எல்லாம் பாடசாலை வாசலில் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். காய்ச்சல் வீடு என்று கேள்விப்பட்டவர்கள் உதயகலாவை விட்டுச் சற்றுத் தள்ளியே நின்றார்கள். வாசலில் கருவியோடு நின்றது செந்தூரன். நிவேதனாவின் நெற்றியில் பிடித்தார், தொண்ணூற்றேழு. பிள்ளை திரும்பிப் பாராமல் உள்ளே போனது. உதயகலா நெற்றி மயிரை ஒதுக்கி, கயிற்றுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"எனக்கும் பிடியுங்கோ தம்பி."

பெற்றோருக்குப் பார்க்கச் சொல்லி விதி எதுவும் இல்லை. செந்தூரன் பிடித்தார், தொண்ணூற்றேழு. உதயகலா கருவியை அவர் கையிலிருந்து வாங்கி, இலக்கம் தெரியும் பக்கத்தைத் திருப்பி, கயிற்றடியில் நின்ற அத்தனை பேருக்கும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.